கட்டிய இன்ஜினும் கெட்ட டேப்பட்டும்

மேற்கு வங்காளத்து உத்தரபாராவில் அம்பாசிடர் காரின் உற்பத்தி 2014-ஆம் ஆண்டு மே மாதத்தோடு நின்றுபோயிற்று. தொழிற்சாலை நின்றதேயன்றி வண்டிகள் நின்றுவிடவில்லை. அரசாங்க ஏலத்தில் எடுத்தவர்களும், தகப்பனார் காலத்து வண்டியை விற்க மனம் வராதவர்களும், கல்யாணத்துக்கும் சினிமாப் படப்பிடிப்புக்கும் வாடகைக்கு விடுகிறவர்களுமாகத் தமிழ்நாட்டில் இன்னும் பலர் அவற்றைப் பேணி வருகிறார்கள். அவர்களோடு பேசுகிற சந்தர்ப்பங்களில் அடிக்கடி ஒரு முறையீடு காதில் விழுகிறது: கையிலிருந்த பணத்தையெல்லாம் போட்டு இன்ஜினைப் பிரித்துக் கட்டினோம், சிலிண்டரை ரீபோர் செய்தோம், பிஸ்டன், ரிங், பேரிங் எல்லாம் புதிதாகப் போட்டோம், டேப்பட்டையும் புதிதாகவே போட்டோம், ஆனால் சில ஆயிரம் கிலோமீட்டர் ஓடுவதற்குள் அந்தப் புது டேப்பட் தேய்ந்து இன்ஜின் சத்தம் போட ஆரம்பித்துவிட்டது, கழற்றி எறிந்த பழைய டேப்பட்டோ இத்தனை வருஷம் ஒரு குறையுமின்றி உழைத்தது என்பதே அந்த முறையீடு.

இதற்கு இப்போது வழங்கி வரும் பதில் என்ன? வண்டிக்காரர் மெக்கானிக்கைக் குறை சொல்லுகிறார். மெக்கானிக் எண்ணெயைக் குறை சொல்லுகிறார். சாமான் கடைக்காரர், வாங்கிப்போனவருக்குச் சரியாகப் போடத் தெரியவில்லை என்று மெக்கானிக் மேலேயே பழியைத் திருப்பிவிடுகிறார். இந்தச் சுற்றில் ஒருவர் மாத்திரம் எந்த விசாரணைக்கும் உட்படாமல் விலகி நிற்கிறார். அந்த டேப்பட்டை வார்த்து, சாணை பிடித்து, டப்பாவில் அடைத்து அனுப்பிய உற்பத்தியாளரே அவர். எண்ணெயிலும் வேலையிலும் குறை நேர்வதுண்டு என்பதை நான் மறுக்கவில்லை. அவற்றைப் பற்றியும் சொல்லத்தான் போகிறேன். ஆயினும், கண்ணால் பார்த்து நிர்ணயிக்க முடியாத ஒரு குணத்தையே உயிராகக் கொண்ட ஒரு சாமானை விற்கிறவர், அந்தக் குணத்துக்கு எழுத்து மூலமாக உத்தரவாதம் கொடுக்கக் கடமைப்பட்டவர் என்பதும், அந்த உத்தரவாதத்தைக் கேட்டு வாங்க நாம் பழகிக்கொள்ளாதவரையில் இந்த நஷ்டம் ஓயாது என்பதும் என் திடமான அபிப்பிராயம்.

மோட்டார் சாஸ்திரத்தில் பழக்கமில்லாத வாசகர்களுக்காக டேப்பட்டின் வேலையைச் சற்று விளக்கிவிடுகிறேன். அம்பாசிடரில் நெடுங்காலம் இருந்துவந்த 1489 கன சென்டிமீட்டர் பெட்ரோல் இன்ஜின், பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன் இங்கிலாந்தில் தயாரித்த 'பி' வரிசையைச் சேர்ந்தது. மாரிஸ் ஆக்ஸ்போர்டும் எம்.ஜி.ஏ. காரும் ஓடியது அதே குடும்பத்து இன்ஜினில்தான். இதில் வால்வுகள் மேலே சிலிண்டர் ஹெட்டில் இருக்கின்றன; அவற்றைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்ட்டோ கீழே பிளாக்கினுள் இருக்கிறது. கேமின் மேடு சுழன்று வரும்போது தன்மேல் அமர்ந்திருக்கும் டேப்பட்டைத் தூக்க, டேப்பட் புஷ் ராடைத் தள்ள, புஷ் ராடு ராக்கரை அசைக்க, ராக்கரின் மறுமுனை வால்வை அழுத்தித் திறக்கிறது. மேடு கடந்ததும் வால்வு ஸ்பிரிங் எல்லாவற்றையும் பழைய ஸ்தானத்துக்குத் திருப்பிவிடுகிறது. நான்கு சிலிண்டருக்கு எட்டு வால்வுகள், எட்டு டேப்பட்டுகள். கிராங்க் ஷாஃப்ட் இரண்டு சுற்றுச் சுற்றினால் கேம் ஒரு சுற்றுச் சுற்றும்; ஆகவே நிமிஷத்துக்கு 2500 சுற்று வேகத்தில் ஒரு மணி நேரம் ஓடும் இன்ஜினில் ஒவ்வொரு டேப்பட்டும் 75,000 தடவை தூக்கி இறக்கப்படுகிறது. இவ்வளவு பாரமும் மேட்டுக்கும் டேப்பட்டின் அடிமுகத்துக்கும் நடுவே ஒரு மெல்லிய கோடளவான இடத்தில் விழுகிறது. இன்ஜினுக்குள் இத்தனை அழுத்தத்தில் உலோகமும் உலோகமும் உரசுகிற இடம் வேறொன்றைச் சொல்வது கடினம்.

இந்தக் கொடிய உழைப்பை ஒரு சிறிய இரும்புத் துண்டு எவ்வாறு வருஷக்கணக்கில் தாங்குகிறது என்பதில்தான் யந்திரத்தை வகுத்தவர்களின் மேதை விளங்குகிறது. டேப்பட்டின் அடிமுகம் பார்வைக்குத் தட்டையாகத் தோன்றும். உண்மையில் அதன் நடுப்பாகம் ஓரங்களைக் காட்டிலும் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்கு உயர்ந்து, மிக நுட்பமான குவிவோடு சாணை பிடிக்கப்பட்டிருக்க வேண்டும். கேமின் மேடும் டேப்பட்டின் மையத்துக்கு நேராக வராமல் சற்று ஒதுங்கியோ, அன்றி ஒரு பக்கமாகச் சிறிது சரிந்தோ அமைந்திருக்கும். இவற்றின் பயனாக, மேடு உரசிச் செல்லும் ஒவ்வொரு முறையும் டேப்பட் தன் துளைக்குள் கொஞ்சம் திரும்புகிறது. திரும்பித் திரும்பித் தன் முகம் முழுவதையும் மாறிமாறி உழைப்புக்குக் கொடுக்கிறது. இந்தச் சுழற்சி நின்றுபோனால் ஒரே தடத்தில் உராய்வு விழுந்து, எவ்வளவு நல்ல உலோகமாயினும் விரைவில் குழிந்துவிடும். ஆகவே குவிவில்லாமல் சாணை பிடித்த டேப்பட், டப்பாவை விட்டு வெளிவரும்போதே பாதி கெட்டதுதான்.

மற்றப் பாதி கடினத்தன்மையைப் பொறுத்தது. இவ்வகை டேப்பட்டுகள் பெரும்பாலும் 'சில்டு' வார்ப்பிரும்பால் ஆனவை. அதாவது, வார்க்கும்போதே முகப் பாகத்தை விரைவாகக் குளிரச் செய்து, அந்த இடத்தில் இரும்பைக் கண்ணாடிக்கு நிகராக இறுகச் செய்வது. அந்த இறுக்கத்தை அளப்பதற்கு ராக்வெல் பரிசோதனை என்று ஒன்று உண்டு. வைரக் கூம்பு ஒன்றை 150 கிலோ பாரத்தில் உலோகத்தின்மேல் அழுத்தி, அது எவ்வளவு ஆழம் இறங்கியது என்பதைக் கொண்டு எண் கொடுக்கிறார்கள். நல்ல டேப்பட்டின் முகம் ராக்வெல் 'சி' அளவில் பொதுவாக 55-க்குக் குறையாமல் இருக்கவேண்டும். இதைக் காட்டிலும் மிருதுவான டேப்பட், விட்டத்திலும் உயரத்திலும் பளபளப்பிலும் அசலோடு எள்ளளவும் வித்தியாசமின்றி இருக்கலாம்; துளையில் சரியாக இறங்கலாம்; முதல் நாள் அமைதியாக ஓடவும் ஓடலாம். அனுபவசாலியான மெக்கானிக்கின் கண்ணும் கையும் கண்டுபிடிக்க இயலாத இந்தக் குறையே நம்முடைய பிரச்னையின் வேர்.

எண்ணெயைப் பற்றிய வாதத்துக்கு வருவோம். ஜிங்க் டைஆல்கைல் டைதயோபாஸ்பேட் என்ற நீண்ட நாமமுடைய ஒரு துத்தநாக, பாஸ்பரஸ் கூட்டுப்பொருளை 1940-களிலிருந்து இன்ஜின் எண்ணெயில் சேர்த்து வருகிறார்கள். அழுத்தமும் உஷ்ணமும் மிகுந்த இடத்தில் அது உலோகத்தின்மேல் ஒரு மெல்லிய படலமாகப் படிந்து, எண்ணெய் பிதுங்கி வெளியேறிய கணத்திலும் இரும்பை இரும்பு தின்னாமல் காக்கிறது. ஆனால் புகையைச் சுத்தி செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரை இதிலுள்ள பாஸ்பரஸ் கெடுத்துவிடும் என்று கண்டபடியால், அமெரிக்காவின் ஏ.பி.ஐ. தரங்களில் அதன் உச்சவரம்பைப் படிப்படியாகக் குறைத்தார்கள். 1990-களின் மத்தியில் 0.12 சதவீதமாயிருந்தது, 2004-இல் வந்த எஸ்.எம். தரத்தில் 0.08 சதவீதமாயிற்று. இந்த வரம்பு 5டபிள்யூ-30, 10டபிள்யூ-30 போன்ற மெல்லிய எண்ணெய்களையே கட்டுப்படுத்துகிறது. நம் நாட்டில் பழைய வண்டிகளுக்கு ஊற்றி வரும் 20டபிள்யூ-40, 20டபிள்யூ-50 போன்ற தடித்த ரகங்களை அது கட்டுப்படுத்துவதில்லை. இந்தியாவில் 1995 ஏப்ரல் முதல் நான்கு மாநகரங்களில் புதுப் பெட்ரோல் கார்களுக்குக் கன்வெர்ட்டர் கட்டாயமாயிற்று. அதற்கு முந்திய வண்டியில் அந்தச் சாதனமே இல்லாதபடியால், பாஸ்பரஸ் அதிகமுள்ள எண்ணெயால் அதற்கு யாதொரு கேடும் இல்லை. விலை உயர்ந்ததென்ற ஒரே காரணத்துக்காகப் புதுக் காருக்குரிய மெல்லிய எண்ணெயைப் பழைய இன்ஜினில் ஊற்றுகிறவர் பணத்தைக் கொடுத்து விபரீதத்தை வாங்குகிறார் என்பது வாஸ்தவம்.

இத்தனையும் ஒப்புக்கொண்டபின்னரும், சகல குற்றத்தையும் எண்ணெயின் தலையில் கட்டுவது நியாயமாகாது. அதே பட்டறையில், அதே டின்னிலிருந்து அதே எண்ணெயை ஊற்றிக்கொண்டு, பிரித்துக் கட்டப்படாத பழைய இன்ஜின்கள் தங்கள் பூர்வீக டேப்பட்டோடு நிம்மதியாக ஓடுகின்றனவே! பழைய டேப்பட் தன் மேட்டோடு நன்றாக இழைந்து பழகிவிட்டது, புதியதற்கு அந்தப் பழக்கம் இல்லை என்று இதற்குச் சமாதானம் கூறலாம். அதில் கொஞ்சம் உண்மையும் உண்டு. ஆயினும் அந்த உண்மை முதல் அரைமணி நேரத்தைப் பற்றியதேயன்றி, அதைத் தாண்டிப் பல நூறு கிலோமீட்டர் ஓடியபின் சிறுகச் சிறுகக் குழியும் டேப்பட்டுக்குப் பொருந்துவதாகாது.

அந்த முதல் அரைமணி நேரம் மெக்கானிக்கின் பொறுப்பு. அதில் அவருக்கு விதிவிலக்குக் கொடுக்க நான் தயாரில்லை. கேமின் மேட்டுக்கும் டேப்பட்டின் முகத்துக்கும் பிரஷரோடு எண்ணெய் வருவதில்லை. கிராங்க் ஷாஃப்ட் சுழலும்போது சிதறுகிற எண்ணெயும், மேலே ராக்கரிலிருந்து புஷ் ராடு வழியாக வடிகிற எண்ணெயுமே அவற்றுக்குக் கிடைப்பது. இன்ஜின் மெதுவாக, ஐடிலில் ஓடினால் சிதறலும் சொற்பம், டேப்பட்டின் சுழற்சியும் மந்தம். ஆகையால் கட்டும்போதே மேட்டிலும் முகத்திலும் மாலிப்டினம் கலந்த கறுப்புப் பசையைத் தாராளமாகப் பூச வேண்டும். இக்னிஷன் டைமிங், கார்ப்பரேட்டரில் பெட்ரோல், ரேடியேட்டரில் தண்ணீர் ஆகியவற்றை முன்கூட்டியே சரிபார்த்து, ஸ்டார்ட்டரைப் போட்டு நெடுநேரம் சுற்றவிடாமல் இன்ஜினை உடனே கிளப்ப வேண்டும். கிளம்பியதும் ஐடிலில் விடாமல் 1500-க்கும் 2500-க்கும் இடைப்பட்ட வேகத்தில் ஏற்றி இறக்கி இருபது முப்பது நிமிஷம் ஓட்ட வேண்டும். பிறகு அந்த எண்ணெயை வடித்துவிட்டுப் புது எண்ணெயும் ஃபில்ட்டரும் போட வேண்டும். ராக்கர் கவரைத் திறந்து வைத்துக்கொண்டு பார்த்தால் புஷ் ராடுகள் தங்கள் அச்சில் மெல்லத் திரும்புவது தெரியும். ஏதாவது ஒன்று திரும்பாமல் குதித்துக்கொண்டு மாத்திரம் இருந்தால் அந்தக் கணமே இன்ஜினை நிறுத்திவிடுவது புத்திசாலித்தனம். கட்டி முடித்ததும் ஐடிலில் விட்டுவிட்டுச் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டுச் சந்தோஷப்படுவது பல பட்டறைகளில் வழக்கமாயிருக்கிறது. புது டேப்பட்டுக்கு அதைவிடப் பெரிய தீங்கு கிடையாது.

அப்படியானால் ஒரு டேப்பட் கெட்டுப்போனபோது, குறை வேலையிலா, எண்ணெயிலா, சாமானிலா என்று எப்படி நிர்ணயிப்பது? எட்டு டேப்பட்டையும் வரிசை மாறாமல் எடுத்துப் பக்கத்தில் பக்கமாக வைத்துப் பார்த்தால் அவையே பெரும்பாலும் சாட்சி சொல்லிவிடும். நண்பர் ஒருவரின் வண்டியை அப்படிப் பரிசோதித்தபோது நான் உடனிருந்தேன். இன்ஜினின் பக்கவாட்டில் உள்ள இரண்டு மூடிகளையும் கழற்றி, டேப்பட்டுகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து, மேஜையின்மேல் சாக்கட்டியால் நம்பர் எழுதி அந்தந்த நம்பரில் வைத்தார் மேஸ்திரி. எஃகு ஸ்கேலின் விளிம்பை ஒரு டேப்பட்டின் முகத்தில் நிறுத்தி வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். குவிந்திருக்க வேண்டிய முகம் தாம்பாளம் போலக் குழிந்து, ஸ்கேலுக்கும் உலோகத்துக்கும் நடுவே பிறை வடிவாக வெளிச்சம் தெரிந்தது. எட்டிலும் அதே குழிவு, ஏறக்குறைய அதே ஆழத்தில். கேமின் மேடுகளிலோ சொல்லத்தக்க சேதம் இல்லை. பிறகு ஓர் அரத்தை எடுத்து டேப்பட்டின் ஓரத்தில் இழுத்தார்; அரம் கடித்து, இரும்புத்தூள் உதிர்ந்தது. பட்டறையின் மூலையில் கிடந்த பழைய டேப்பட் ஒன்றில் அதே அரத்தை இழுத்தார். அது பல் பதியாமல் வழுக்கிக்கொண்டு போயிற்று. இரண்டையும் என் கையில் கொடுத்துவிட்டு அவர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லவேண்டிய அவசியமும் இருக்கவில்லை.

எட்டும் ஒரே சீராகக் குழிந்திருந்தால் உலோகத்தையே சந்தேகிக்க வேண்டும். ஒன்றிரண்டு மட்டும் கெட்டு, அவற்றுக்குரிய மேடுகளும் சேர்ந்து அழிந்திருந்தால் முதல் ஓட்டத்திலோ எண்ணெயிலோ தவறு நேர்ந்திருக்கக்கூடும். ஒரே ஒரு டேப்பட்டின் முகத்தில் குறுக்கே ஒரு தடம் விழுந்திருந்தால் அது தன் துளையில் சுழலாமல் நின்றிருக்கிறது என்று கொள்ளலாம். அளவுக்கு மேற்பட்ட அழுத்தமுள்ள ஸ்பிரிங்கைப் போட்டிருந்தாலும், தேய்ந்த கேமின்மேல் புது டேப்பட்டை வைத்திருந்தாலும் அவற்றின் அடையாளங்கள் வேறு. இவ்வளவு தெளிவாகத் தடயம் கிடைக்கும் விஷயத்தில், ஒருவரையொருவர் ஏசிக்கொண்டு சாமானைக் குப்பையில் எறிவது விவேகமன்று. அந்த எட்டு இரும்புத் துண்டுகளும் வழக்கின் சாட்சிப் பொருள்கள் என்று கருதிப் பத்திரப்படுத்த வேண்டும்.

டேப்பட் சிறிய சாமான், மறுபடி மாற்றிக்கொண்டால் போயிற்று என்று நினைப்பவர்களும் உண்டு. அது பெரும் பிசகு. தேய்ந்த இரும்பு எங்கும் மறைந்துவிடுவதில்லை; நுண்ணிய தூளாகிச் சம்பில் விழுந்து, எண்ணெயோடு கலந்து இன்ஜின் முழுவதும் சுற்றி வருகிறது. ஃபில்ட்டர் பெரியவற்றைப் பிடிக்கும். மிக நுண்ணியவை தப்பிப் புதுப் பேரிங்கின் மிருதுவான உலோகத்தில் பதிந்து, கிராங்க் ஷாஃப்ட்டின் ஜர்னலைச் சுரண்டும். டேப்பட்டைத் தொடர்ந்து கேமும், கேமைத் தொடர்ந்து ஆயில் பம்பும் பேரிங்கும் போய், முதலில் செய்த செலவு முழுவதையும் இரண்டாம் முறை செய்ய நேருகிறது. வாடகைக்கு ஓட்டிப் பிழைக்கிறவருக்கு வண்டி பட்டறையில் நிற்கும் ஒவ்வொரு நாளும் வருமானம் போன நாள். இதற்கெல்லாம் மூலகாரணம், உஷ்ணத்திலும் குளிர்ச்சியிலும் சிரத்தை வைக்காமல் வார்த்த ஒரு சாமானில் மிச்சப்படுத்திய சில ரூபாய் என்று எண்ணும்போது மனம் பொறுக்கவில்லை.

இந்நிலை மாறச் செய்யவேண்டியவை அசாத்தியமானவை அல்ல. முதலாவதாக, இவ்வகை டேப்பட்டை விற்பவர்கள் அதன் உலோகம், ராக்வெல் கடினம், வார்ப்புத் தொகுதியின் எண் ஆகியவற்றை டப்பாவின்மேல் அச்சிட வேண்டும். தயாரித்தவர் பெயரும் விலாசமும் தயாரித்த மாதமும் வருஷமும் டப்பாவில் இருக்கவேண்டுமென்று 2011-ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகள் ஏற்கெனவே கூறுகின்றன. அதோடு இந்த மூன்று வரிகளையும் சேர்ப்பதில் உற்பத்தியாளருக்கு என்ன கஷ்டம்? உண்மையாகவே பரிசோதித்து அனுப்புகிறவருக்கு அது கீர்த்தியையும் வியாபாரத்தையும் தரும். பரிசோதிக்காதவருக்கு மட்டுமே அது சங்கடம்.

இரண்டாவதாக, சென்னையில் ஜெனரல் பாட்டர்ஸ் ரோட்டிலும் புதுப்பேட்டையிலும் மற்ற ஊர்களிலும் உள்ள சாமான் வியாபாரிகள், தாங்கள் வாங்கும் ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் ஒரு டேப்பட்டைப் பரிசோதனைக்கு அனுப்பலாம். ராக்வெல் யந்திரம் அபூர்வ வஸ்துவன்று. ஹீட் ட்ரீட்மென்ட் பட்டறைகளிலும் பொறியியல் கல்லூரிகளிலும் அது உண்டு. சோதித்த இடத்தில் சிறு வடு விழும். ஆகவே அந்த ஒன்றை விற்கக் கூடாது. ஒரு டேப்பட்டைத் தியாகம் செய்து ஒரு தொகுதியின் யோக்கியதையை அறிந்துகொள்வது எந்த வியாபாரிக்கும் நஷ்டமாகாது.

மூன்றாவதாக, மெக்கானிக்குகள் தங்கள் பட்டறையின் கௌரவத்தை முன்னிட்டே சில பழக்கங்களைக் கைக்கொள்ள வேண்டும். இரண்டு புது டேப்பட்டுகளை முகத்தோடு முகம் வைத்தால் குவிவு காரணமாகச் சிறிது ஆட வேண்டும். ஆடாமல் ஒட்டிக்கொண்டால் அவற்றைத் திருப்பிவிட வேண்டும். எண்ணெய் தடவிய டேப்பட் தன் பாரத்தினாலேயே துளையில் மெல்ல இறங்கவும், விரலால் சுழற்றினால் தடையின்றிச் சுழலவும் வேண்டும். பழைய டேப்பட்டுகள் நல்ல நிலையில் இருந்து, கேமையும் மாற்றாவிட்டால், புதிதென்ற மோகத்தில் அவற்றைக் கழிக்காமல், எந்த மேட்டின்மேல் எது இருந்ததோ அதே இடத்தில் திருப்பி வைப்பதே உசிதம். பழைய டேப்பட்டைப் புதுக் கேமின்மேல் வைப்பது மட்டும் கூடவே கூடாது.

கடைசியாக, வண்டிக்காரர்களாகிய நம்முடைய கடமை. 'கம்பெனி சாமான்' என்ற வாய்மொழியை நம்பி, பில் இல்லாமல் குறைந்த விலைக்கு வாங்குகிற வழக்கத்தை விட்டொழிக்க வேண்டும். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், உற்பத்திக் குறையால் ஒருவருடைய சொத்துக்கு விளையும் சேதத்துக்குத் தயாரித்தவரையும் சில சந்தர்ப்பங்களில் விற்றவரையும் பொறுப்பாளியாக்குகிறது. அந்தச் சட்டம் நமக்குத் துணை நிற்க வேண்டுமானால் கையில் பில்லும், டப்பாவும், கெட்ட டேப்பட்டும் இருக்க வேண்டும். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு ஒரு முறையீடு செய்ய எந்தச் செலவும் இல்லை. ஒருவர் செய்தால் அது தனி மனிதரின் குறை. கெட்ட சாமான் வாங்கிய ஒவ்வொருவரும் செய்தால், எந்தத் தொகுதியில் குறை என்பது ஊரறிந்த விஷயமாகிவிடும்.

பழைய யந்திரங்களைப் பேணுவது வெறும் அபிமானமன்று. நன்றாக உழைக்கக்கூடிய ஒன்றை வீணாக்காமல் வைத்துக்கொள்வது ஒரு நாட்டின் சிக்கனமும் ஆகும். அந்தச் சிக்கனத்துக்கு ஆதாரமாக இருப்பவர்கள் கிரீஸ் கையோடு இரவு பகலாக வேலை செய்யும் மெக்கானிக்குகள். தாங்கள் செய்யாத குற்றத்துக்காக அவர்கள் வாடிக்கைக்காரரிடம் தலைகுனிந்து நிற்கும்படி விடுவது நமக்கு அழகன்று. அடுத்த முறை இன்ஜின் வேலைக்குச் சாமான் வாங்கப் போகும் வாசகர்கள், விலையைக் கேட்பதற்கு முன் கடினம் என்ன என்று கேளுங்கள். அதை எழுதிக் கொடுக்க மறுக்கிற டேப்பட்டை வாங்காதீர்கள்.